சம்மாந்துறை றோட்டும் என் இடது கையும்

மகன்,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்தக் கடிதத்தில் கேட்கப் போவதில்லை. அதைத்தான் ஒவ்வொரு நாளும் போனில் கேட்கிறேனே. "சாப்பிட்டியா மகன்?" "ஓம் உம்மா." "மருமகள் எப்பிடி?" "நல்லா இரிக்கா உம்மா." அதற்குள் அங்கே யாராவது உன்னைக் கூப்பிடுவார்கள். நீயும் "வைக்கிறன் உம்மா" என்பாய். நான் சொல்ல வைத்திருந்தது அப்படியே தொண்டையில் நிற்கும். கடிதத்தில் குறுக்கே கூப்பிட ஆளில்லை. நடுவில் பேனையை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாலும் உனக்குத் தெரியாது. அதனால் இதுதான் எனக்கு வசதி. ஆறுதலாக இருந்து வாசி. அம்பாறைக்கு வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் வாசிக்காதே.

நீ போய் ஒரு போகம் வெட்டி முடிந்துவிட்டது. கல்யாணம் முடித்த ஆண்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய் இருப்பதுதான் நம் ஊர் வழக்கம் என்று எனக்குத் தெரியாதா? உன் வாப்பாவும் அப்படித்தான் தன் உம்மாவை விட்டுவிட்டு இந்த வீட்டுக்கு வந்தார். என் உம்மா அவருக்குப் பால் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்து அவர் மனதைப் பிடித்தாள். அந்த நாட்களில் அவருடைய உம்மா தன் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று நான் ஒரு தடவையாவது நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது நினைக்கிறேன். நம் தெருவில் பெண்பிள்ளை பெற்ற எல்லோர் வீட்டிலும் கல்யாணம் முடிந்தால் ஒரு ஆள் கூடும். எனக்கு அல்லாஹ் உன்னை மட்டும் தந்தான். உன்னை மாப்பிள்ளையாக்கி, அத்தர் பூசி, ஆட்கள் சூழ அழைத்துப் போனார்கள். எல்லோரும் போன பிறகு உன் அறையில் லைட் எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்க எனக்குக் கை வரவில்லை.

நீ முன்யோசனைக்காரன். கல்யாணப் பேச்சு முற்றாகிய அன்றைக்கே உனக்கு இது தெரிந்திருக்கிறது. அதனால்தானே பழைய ஸ்கூட்டி ஒன்றை வாங்கி வந்து வாசலில் நிறுத்தி, "உம்மா, இதப் பழகுங்க. நான் வர ஏலாத நாளைக்கு நீங்க வரலாம்" என்றாய். நான் சிரித்தேன். இந்த வயதில், இந்த உடம்போடு, அபாயாவையும் இழுத்துக்கொண்டு நான் ஸ்கூட்டி ஓட்டுவதா? நம் ஊர்ப் பெண்கள் பாதிப்பேர் ஓட்டுகிறார்கள், அது வேறு கதை. அவர்களுக்குப் பயமில்லை. எனக்கு இறங்கி நடக்கிற ஒழுங்கைச் சந்துக்குள்ளேயே ஆட்டோ வந்தால் பயம். ஆனால் இரவு படுத்துக்கொண்டு கணக்குப் பார்த்தேன். பஸ்ஸில் போவதென்றால் இரண்டு பஸ் மாறவேண்டும். வாப்பாவோடு போவதென்றால் அவருக்கு மனம் வரவேண்டும், அது எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. உன் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றும்போது நானே எழும்பி வரவேண்டுமென்றால் இது ஒன்றுதான் வழி. அதனால் பழகினேன். வேறு ஆசை எதுவும் இல்லை.

முதலில் வாப்பாதான் பழக்கினார், ஞாபகம் இருக்கிறதா? காலமெல்லாம் லொறி ஓட்டிய மனிதன், வேறு யாருக்கு விட்டுக்கொடுப்பார். சுபஹு தொழுதுவிட்டு வந்ததும் கடற்கரை வீதிக்குக் கூட்டிப் போவார். நான் ஏறி உட்காரும் முன்பே தொடங்கிவிடும். "பிரேக்கப் புடி எண்டா புடிக்கணும். அங்க என்னத்தப் பாக்கிறாய்? கடலையா பாக்க வந்த நீ? காலத் தூக்கு. தூக்கு எண்டா தூக்கு." மீன் ஏலத்துக்கு வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு ஸ்கூட்டிக்குப் பயந்த பயம் போய் அவருக்குப் பயந்த பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்திலேயே சட்டென்று பழகிவிட்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு கிழமைக்குள், ஏழே நாளில், நேராக ஓட்டினேன், திருப்பினேன், நிறுத்தினேன். வாப்பா கையைக் கட்டிக்கொண்டு உன்னிடம், "பாத்தியா, ஏசினாத்தான் ஏறும்" என்றார்.

பிறகு நோன்பு வந்தது, நிறுத்தினோம். பெருநாள் கழிந்து, விருந்தாளிகள் வந்து போய், மறுபடி ஒரு காலையில் ஏறி உட்கார்ந்தால், என் கையில் ஒன்றுமில்லை. யாரோ கழுவித் துடைத்துவிட்டது போல இருந்தது. எந்தப் பக்கத்தை முறுக்குவது, எதை இறுக்குவது, ஒன்றும் வரவில்லை. வாப்பாவின் குரல் மட்டும் ஒரு சொல் விடாமல் நினைவில் இருந்தது. நான் பழகியது ஸ்கூட்டி ஓட்டுவதை அல்ல, அவர் ஏசாமல் பார்த்துக்கொள்வதை என்று அன்றைக்குத்தான் விளங்கியது. வாப்பா சாவியை உன் கையில் வைத்துவிட்டு, "இனி நீயாச்சு, ஒன்ட உம்மாவாச்சு" என்று போய்விட்டார்.

உன்னுடைய பழக்கம் வேறு. நான் பிழை விட்டால் நீ ஒன்றும் சொல்லமாட்டாய். ஸ்கூட்டி நின்றுபோனால் நீயும் நிற்பாய், கடலைப் பார்ப்பாய், காதைச் சொறிவாய். சரியாகச் செய்தால் மட்டும் அந்த நிமிடமே சொல்வாய், "ஓம் உம்மா, அதுதான்." பிந்திச் சொல்லமாட்டாய். நான் திருப்பி முடிக்கும் முன்பே, கை சரியாகச் செய்துகொண்டிருக்கும்போதே சொல்வாய். அதனால் எது சரியென்று எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, கைக்கே தெரிந்தது. எவ்வளவு மெதுவாகப் போனது தெரியுமா? வாப்பா ஒரு கிழமையில் ஏற்றியதை ஏற்ற உனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் போனது. ஆனால் நான் காய்ச்சலில் படுத்து எழும்பி வந்தபோதும் அது கையில் இருந்தது.

உன்னைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் நீ நம்பமாட்டாய். உன் பழக்கத்திலும் ஒரு வில்லங்கம் இருந்தது. அந்த "அதுதான்" எனக்குத் தேனாகிவிட்டது. அதைக் கேட்பதற்காகவே ஓட்டினேன். திருப்பம் வந்தால் றோட்டைப் பார்க்காமல் உன் வாயைப் பார்த்தேன். ஒரு நாள் நீ போனில் கதைத்துக்கொண்டு திரும்பி நின்றாய், நான் நேரே போய் மணலுக்குள் இறங்கினேன். நீ அதைக் கண்டுபிடித்துவிட்டாய். அடுத்த நாளிலிருந்து இரண்டு தரம் சரியாகத் திருப்பினால்தான் ஒரு தரம் சொன்னாய். பிறகு மூன்றுக்கு ஒன்று. பிறகு எப்போது சொல்வாய் என்றே தெரியாமல் போனது. கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போய் நின்றாய். கடைசியில் தேத்தண்ணீர்க் கடைக்குள் போய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். எனக்குக் கோபம்தான் வந்தது. இவனுக்கு உம்மாவைப் பார்க்க நேரமில்லை என்று நினைத்தேன். அன்றைக்குத்தான் முதல்முதலாக முழுத் தூரமும் றோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

உனக்கும் பிள்ளைகள் வரும், இன்ஷா அல்லாஹ். சைக்கிள் பழக்குவாய், நீச்சல் பழக்குவாய், எழுத்தாணி பிடிக்கிற மாதிரி பென்சில் பிடிக்கிற கையைத் திருத்துவாய். அப்போது உனக்கு ஏச்சு நாக்கு நுனிக்கு வரும். ஏசினால் பிள்ளை உடனே செய்யும். அந்த உடனே என்பதுதான் ஆளை ஏமாற்றுவது. நீ கெட்டிக்காரன் என்று உனக்கே தோன்றும். அந்த இடத்தில் கொஞ்சம் வாயைப் பொத்திக்கொள். மெச்சுகிறதென்றாலும் பிள்ளை உன் முகத்தைப் பார்க்கிறதா, செய்கிற வேலையைப் பார்க்கிறதா என்று கவனி. உன் முகத்தைப் பார்த்தால் தேத்தண்ணீர்க் கடைக்குள் போ. நீ எனக்குச் செய்ததைத்தான் சொல்கிறேன்.

இனி அந்த விழுந்த கதை. அதை நீ இன்றுவரை தவறாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாய். பிரேக் பிடிக்கத் தெரியாமல் றோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்தேன் என்று ஊரெல்லாம் சொன்னார்கள், நானும் ஓம் என்றேன். நடந்தது அதுவல்ல. பள்ளிவாசல் ஒழுங்கையால் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தேன். எதிரே சைக்கிளில் ஒரு வயதாளி வந்தார். யாரென்றும் தெரியாது. அவர் தொண்டையைக் கனைத்தார். அவ்வளவுதான். என் இடது கை தானாக எழும்பி முக்காட்டை இழுக்கப் போனது. முக்காடு எங்கே இருந்தது? ஊசி குத்தி, அதற்கு மேலே ஹெல்மட்டும் போட்டுப் பூட்டியிருந்தது. கை போய் ஹெல்மட்டில் டொக்கென்று தட்டியது. அந்த நேரத்தில் ஸ்கூட்டி கானுக்குள் போய்விட்டது. வெட்கத்தில் அப்போது இதை யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால் சிரிப்பார்கள். எனக்கே எழுதும்போது சிரிப்பு வருகிறது.

அந்தக் கை அதை எங்கே பழகியது தெரியுமா? நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் என் பெரியவாப்பா வளவுக்குள் வரும்போது வாசல் படலையடியில் நின்று கனைப்பார். பெண்கள் தலையை மூடிக்கொள்ளட்டும் என்பதற்காக. அந்தக் கனைப்புக் கேட்டு என் முக்காடு தலையில் இல்லையென்றால் என் உம்மா தொடையில் கிள்ளுவா. சத்தம் போட விடாத கிள்ளு. முக்காடு தலையில் இருந்த நாட்களில் யாரும் ஒன்றும் சொன்னதில்லை, ஏன் சொல்லப் போகிறார்கள். வலது கையில் வாளியோ தேத்தண்ணீர்க் கோப்பையோ இருக்கும், அதனால் இடது கைதான் எழும்பும். நான் முக்காட்டைக் குறை சொல்லவில்லை மகன். அது இல்லாமல் வாசலுக்கு வர இன்றைக்கும் எனக்கு மனம் ஒப்பாது. நான் சொல்வது அந்தக் கையைப் பற்றி. உம்மா மௌத்தாகி எத்தனையோ காலம். கிள்ள யாருமில்லை. கை இன்னும் கிள்ளுக்குப் பயந்துகொண்டே இருக்கிறது. ஏசிப் பழக்கினது மறந்துபோகும் என்று மேலே எழுதினேன், இது மறக்கவில்லையே என்று கேட்பாய். எனக்கும் சரியாகத் தெரியவில்லை. ஒரு கிழமை ஏசினது போய்விடும், ஒரு பிள்ளைப்பருவம் முழுக்கக் கிள்ளினது எலும்புக்குள் இறங்கிவிடும் போல.

விழுந்த பிறகு நான் ஸ்கூட்டியைத் தொடவில்லை. நீ கெஞ்சினாய். வாப்பா, "வீட்ட கிடக்கச் சொன்னன், கேட்டாத்தானே" என்றார். பிறகு கல்யாண வேலை, பிறகு நீ போய்விட்டாய். ஸ்கூட்டி சீலையால் மூடி மூலையில் நின்றது. வெள்ளிக்கிழமைகளில் நீ வந்தாய். சில வெள்ளிக்கிழமைகளில் வரவில்லை. வராத நாளில் நான் ஆக்கின இறைச்சியை வாப்பா இரண்டு நேரமும் சாப்பிடுவார்.

உன் அலுமாரியைச் சம்மாந்துறைக்குக் கொண்டு வந்தோமே, வாப்பா சிநேகிதருடைய சின்ன லொறியை இரவல் வாங்கி. அன்றைக்கு நான் முன்சீட்டில் அவருக்கு இடப்பக்கம் இருந்தேன். காரைதீவுச் சந்தியில் திரும்பி வயல் றோட்டில் ஏறும்போது பார்க்கிறேன், கியர் மாற்றும் ஒவ்வொரு தரமும் அவருடைய இடது தோள் காதுவரைக்கும் ஏறி இறங்குகிறது. கல்யாணம் முடித்த நாளிலிருந்து பார்ப்பதுதான். அது அவருடைய நடை என்றே நினைத்திருந்தேன். அன்றைக்கு என் கையை நினைத்துக்கொண்டிருந்ததால் கேட்டேன். "இஞ்சாருங்க, ஏன் தோளத் தூக்குறீங்க?"

"எங்க தூக்கிறன்?" என்றார். அடுத்த கியருக்குத் தூக்கினார். அவருக்கே தெரிந்தது. பிறகு சொன்னார். "எனக்கு ஓட்டப் பழக்கினவரு நீ இரிக்கிற இடத்துலதான் இருப்பாரு. கையில ஸ்பெனர். கியர் சத்தம் போட்டா இந்தத் தோள்ல ஒண்டு. நல்ல மனுசன், சோறு போட்டவரு. ஆனா அடிப்பாரு. கியரும் பழகிச்சு, தோளும் பழகிச்சு."

நான் அந்த விழுந்த கதையை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "அதான் கானுக்குள்ள போன நீயா" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு நாள் கழித்து ஸ்கூட்டிச் சீலையை உரித்து, காற்று அடித்து, எண்ணெய் விட்டு வைத்திருந்தார். கடற்கரை வீதிக்குக் கூட்டிப் போனார். இந்த முறை நீ பழக்கிய மாதிரிப் பழக்கப் பார்த்தார் மகன். நீ பார்த்திருக்கவேண்டும். ஏச்சு வாயில் வந்து நிற்கும், அதை விழுங்குவார், தொண்டை ஏறி இறங்கும். நன்றாகத் திருப்பினால் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு "ம்ம், பரவால்ல" என்பார். அவருடைய அகராதியில் அதைவிடப் பெரிய மெச்சல் இல்லை. அந்தக் கைக்கு மருந்தும் அவர்தான் கண்டுபிடித்தார். தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு றோட்டின் அந்தக் கடைசித் தொங்கலுக்குப் போய், எதிரே மிதித்துக்கொண்டு வருவார். எனக்குக் கிட்ட வந்ததும் பெரியவாப்பா மாதிரிக் கனைப்பார். நான் கை எடுக்காமல் கடந்து போகவேண்டும். முதல் நாளெல்லாம் ஹெல்மட்டில் டொக் டொக் என்றுதான் தட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு மறுபடி போவார், மறுபடி கனைத்துக்கொண்டு வருவார். அவருக்கு உண்மையிலேயே தொண்டை கட்டிவிட்டது. மீன்காரர்கள் அவருக்குச் சுகமில்லை என்று நினைத்து என்னிடம் விசாரித்தார்கள். ஒரு காலை கனைப்புக் கேட்டது, கை பிரேக்கிலேயே இருந்தது. அவர் என்னைக் கடந்து போனார். பின்னால் சைக்கிள் மணி கிணுகிணு என்று அடிக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் உன் வாப்பா சின்னப் பையன் மாதிரி மணியை அடித்துக்கொண்டே போகிறார். தன் உம்மாவின் வீட்டுக்குத் தான் எத்தனை வெள்ளிக்கிழமை போகாமல் விட்டேன் என்று அன்றைக்குப் பகல் சாப்பிடும்போது என்னிடம் சொன்னார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

இப்போது நான் எழுத வந்த விசயத்துக்கு வருகிறேன். சென்ற சனிக்கிழமை நான் சம்மாந்துறைக்கு வந்தேன்.

தனியாக வந்தேன். வாப்பாவிடம் மட்டும் சொன்னேன், அவர் "பாத்துப் போ" என்றார். காரைதீவுச் சந்தியில் பஸ்ஸுக்கு வழிவிட்டேன். மாவடிப்பள்ளி தாண்டி றோட்டோரமெல்லாம் நெல் காயப் போட்டிருந்தார்கள். வெட்டு மெஷின் ஒன்று எதிரே வந்தபோது நெல்லில் ஏறாமலும் அதில் முட்டாமலும் நடுவால் வந்தேன். உழவு மெஷின்காரப் பையன்கள் ஹோர்ன் அடித்தார்கள். நான் என் வழியில் வந்தேன். இரண்டு பக்கமும் வெட்டின வயல், கொக்குகள், நல்ல காற்று. பயமே இல்லை என்று எழுதமாட்டேன், ஆனால் சந்தோசம் அதைவிடப் பெரிதாக இருந்தது. உன் வீட்டுக்கு எதிரே வேம்புக்குக் கீழே நிறுத்தினேன்.

கேட் பாதி திறந்திருந்தது. நீ முற்றத்தில் நின்றாய். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு மருமகளுடைய தம்பிமாரோடு மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தாய். அவர்களில் ஒருவன் உன்மேல் தண்ணீர் அடித்தான், நீ சத்தமாகச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் கேட்டு எவ்வளவு நாள். பிறகு நீ பக்கக் கதவால் குசினிக்குள் போனாய். போகிற போக்கில் "மாமி, உப்புக் கூடிட்டு போல மணக்குது" என்று பகிடி பண்ணினாய். உள்ளே அவ சிரித்தா. நீ குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு, வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாய்.

அதைப் பார்த்துத்தான் நான் திரும்பினேன் மகன். உள்ளே வரவில்லை. சம்மந்தி வீட்டுக்குச் சொல்லாமல், வெறுங்கையோடு போவது முறையில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை நீ நம் வீட்டுக்கு வந்தாய். கதிரையில் உட்கார்ந்தாய். கொஞ்ச நேரம் கழித்து, "உம்மா, கொஞ்சம் தண்ணி தாறீங்களா" என்று கேட்டாய். நான் ஓடிப் போய்க் கொண்டுவந்தேன், தட்டில் வைத்துத் தந்தேன். நீ குடித்துவிட்டுக் கிளாஸை மறுபடி தட்டில் வைத்தாய். அன்றைக்கு அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. வேம்படியில் நின்றபோதுதான் பட்டது.

திரும்பி வரும்போது வழி முழுக்க அழுதேன். ஹெல்மட் கண்ணாடியை இறக்கிவிட்டு அழுதேன், ஒருவருக்கும் தெரியவில்லை. கண் கலங்கினால் நிறுத்தவேண்டும் என்று நினைத்தேன், ஆனால் கை நிறுத்தவில்லை. நெல்லுக்கு விலகியது, வளைவில் குறைத்தது, சந்தியில் பிரேக்கை இறுக்கியது. நான் அழ, அது ஓட்டியது. அப்படிப் பழகிவிட்டது. நீ பழக்கினது.

நீ அங்கே சந்தோசமாக இருக்கிறாய், அல்ஹம்துலில்லாஹ். அதைக் கெடுக்க எழுதவில்லை. மாமியோடு அப்படியே பகிடி பண்ணிக்கொண்டு இரு. வருகிற சனிக்கிழமை காலையில் வருகிறேன், மருமகளிடம் சொல். இந்த முறை கேட்டுக்குள்ளேயே வருவேன். வெள்ளிக்கிழமை நீ இங்கே வருவாய்தானே. வந்தால் கதிரையில் உட்கார்ந்து கேட்காதே, மகன். குசினிக்குள் போய் நீயே தண்ணீர் எடுத்துக் குடி.

உன் உம்மா